நியூரோஃபீட்பேக்: மூளை அலையைப் பழக்கினால் கவனம் கூடுமா?

முதலில் கேள்வி. தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு) என்று மருத்துவர் உறுதிசெய்து, மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். "பச்சைப் பிள்ளைக்கு மூளைக்கு மாத்திரையா?" என்று வீட்டில் மாமியாருக்கு மனசே இல்லை. இந்த நேரம் பார்த்து ஒரு தனியார் நிலையம், மருந்தே வேண்டாம், நியூரோஃபீட்பேக் பயிற்சியில் மூளையைப் பழக்கிவிடலாம் என்று 40 அமர்வுக்கான தொகுப்பைக் காட்டுகிறது. போதாக்குறைக்கு, அதே கருவியில் மாமியாரின் தூக்கமின்மைக்கும் வழி உண்டாம். இது என்ன பயிற்சி, எப்படி வேலை செய்கிறது, காசு போட்டால் பலன் இருக்குமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவமனையில் இஇஜி, அதாவது மூளையின் மின் அலைப் பதிவு, எடுக்கும் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவள். தலையில் மின்முனை ஒட்டுவதும், திரையில் ஓடும் கோடுகளில் எது மூளை, எது முகத்தசை என்று பிரித்துப் பார்ப்பதும்தான் என் தொழில். மாத்திரை விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் மருத்துவருடையது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூளை அலையைப் பயிற்சியால் மாற்ற முடியும் என்பது உண்மை. பயிற்சிக்குப் போன பிள்ளைகளில் பலர் தேறுகிறார்கள் என்பதும் உண்மை. அலை மாறியதால்தான் பிள்ளை தேறினான் என்பதற்குத்தான் ஆதாரம் கைக்கு நிற்க மாட்டேன் என்கிறது. நிலையத்தில் உங்களிடம் முதல் இரண்டைச் சொல்வார்கள். மூன்றாவதை நீங்களாகவே சேர்த்துக்கொள்வீர்கள்.

பயிற்சி, தலையின் உச்சியைக் கண்டுபிடிப்பதில் ஆரம்பிக்கும். மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டையில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேடு வரை நாடா வைத்து அளந்து பாதியைக் குறிப்போம். பிறகு ஒரு காதிலிருந்து மறு காதுக்கு அளந்து அதில் பாதி. இரண்டு கோடும் வெட்டும் இடத்துக்கு சி-இசட் என்று பெயர். உலகம் முழுக்கப் பின்பற்றும் 10-20 அளவுமுறை இதுதான். அந்த இடத்தில் தோலைக் கொஞ்சம் தேய்த்துச் சுத்தம்செய்து, மின்சாரம் கடத்தும் பசையோடு சின்ன உலோகக் கிண்ணம் ஒன்றை ஒட்டி, காதுமடலில் இன்னொன்றைக் கவ்வி மாட்டுவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தனிக் குறிப்பு: அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்பாதீர்கள். தேங்காய் எண்ணெய் ஊறிய தோலில் பசை ஒட்டாது, கோடெல்லாம் இரைச்சலாக வரும், பாதி நேரம் துடைப்பதிலேயே போய்விடும். முதல் நாள் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிவிட்டால் தொல்லை இல்லை.

"தலையில் கரண்ட் வைப்பார்களா?" என்ற பயம் மாமியாருக்கு இருந்தால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வழக்கமான நியூரோஃபீட்பேக்கில் தலைக்குள் எதுவும் போவதில்லை. அந்தக் கம்பிகள் காது மாதிரி, கேட்க மட்டும்தான் செய்யும். காந்தத் துடிப்போ சிறு மின்னோட்டமோ செலுத்தும் சிகிச்சைகள் வேறு. உங்களுக்குக் காட்டும் கருவி எதையாவது உள்ளே செலுத்துகிறது என்றால் நாம் இங்கே பேசுவது அதைப் பற்றியல்ல; அதற்குத் தனியாக மருத்துவரைக் கேளுங்கள்.

அப்படிக் கேட்கிற சத்தம் ரொம்பச் சன்னமானது. தலைத்தோலில் மூளையின் மின்னழுத்தம் பொதுவாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட். டிவி ரிமோட்டில் போடும் ஒரு பேட்டரி 1.5 வோல்ட்; அதில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான் இதன் உச்சம். இதை மனிதத் தலையிலிருந்து முதன்முதலாகப் பதிவுசெய்தவர் ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924-ல் பதிவுசெய்து, 1929-ல்தான் வெளியிட்டார். கண்ணை மூடினால் நொடிக்குப் பத்துத் தடவை போல ஓர் அலை எழுவதையும், கண்ணைத் திறந்தால் அது அமுங்கிப்போவதையும் அவர் கண்டார். அதுதான் ஆல்ஃபா. இன்றைக்கும் இஇஜி அறையில் பிள்ளையிடம் "கண்ணை மூடு, இப்போ திற" என்று சொல்லி நாங்கள் பார்ப்பது இதைத்தான். நொடிக்கு 4-க்குக் கீழே டெல்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 8 முதல் 13 வரை ஆல்ஃபா, 13 முதல் 30 வரை பீட்டா. ஆழ்ந்த தூக்கத்தில் டெல்டா, சொக்கும்போது தீட்டா, விழிப்பாக வேலை செய்யும்போது பீட்டா என்று மேலோட்டமாகச் சொல்வார்கள். நிஜத்தில் எல்லா அலையும் எல்லா நேரமும் கலந்துதான் இருக்கும், அளவுதான் மாறும்.

கணினி அந்தக் கலவையை நொடிக்குப் பல தடவை அலசி, வேண்டிய அலை கூடினால், வேண்டாதது குறைந்தால், திரையில் பரிசு கொடுக்கும். கார் ஓடும், படம் தெளிவாகும், மணி அடிக்கும். அலை திரும்பினால் கார் நின்றுவிடும். எப்படிச் செய்வது என்று பிள்ளைக்கு யாரும் சொல்லித்தருவதில்லை, சொல்லித்தரவும் முடியாது. பாட்டு வகுப்பில் சுருதிப்பெட்டியைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளை தன் குரலைச் சேர்த்துக்கொள்கிற மாதிரிதான். தொண்டையில் எந்தத் தசை அசைந்தது என்று அதற்குத் தெரியாது. ஓர் அமர்வு அரை மணி முதல் முக்கால் மணி வரை, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மொத்தம் 20 முதல் 40 அமர்வு என்பது பரவலான வழக்கம்.

இப்படி அலையைப் பழக்கலாம் என்று அழுத்தமாகக் காட்டியவை பூனைகள். 1960-களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பேரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர், இரைக்காக அசையாமல் காத்திருக்கும் பூனைகளின் மூளையில், உடல் அசைவைக் கவனிக்கும் பகுதியில், நொடிக்கு 12 முதல் 15 வரை துடிக்கும் ஓர் அலையைக் கண்டார். அந்த அலை வந்தால் பரிசு என்று வைத்தார். பூனைகள் அதை வேண்டுமென்றே எழுப்பப் பழகிவிட்டன. பிறகு ராக்கெட் எரிபொருளான ஹைட்ரஸீன் வகை ரசாயனம் வலிப்பு வரவைப்பதைப் பற்றிய ஆய்வுக்கு அதே பூனைகளும் பயன்பட்டபோது, இந்தப் பயிற்சி எடுத்தவற்றுக்கு வலிப்பு தாமதமாக வந்தது, சிலவற்றுக்கு வரவே இல்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது என்னவென்றால், பூனைக்கு "இது நல்லது செய்யும்" என்ற நம்பிக்கை கிடையாது. நம்பிக்கையால் வந்த பலன் என்று அதைத் தள்ளிவிட முடியாது. 1972-ல் ஸ்டெர்மன் இதே பயிற்சியை வலிப்பு நோயுள்ள ஒருவருக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக வெளியிட்டார். 1976-ல் டென்னசியில் ஜோயல் லூபார் துறுதுறுப்பு மிகுந்த ஒரு பிள்ளைக்கு அதைக் கொண்டுபோனார். ஏடிஎச்டிக்கும் நியூரோஃபீட்பேக்கிற்கும் முடிச்சு விழுந்தது அங்கேதான்.

லூபாரின் வழியில் வந்த கணக்கு இது: ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தீட்டா அதிகம், பீட்டா குறைவு; ஆகவே தீட்டாவைக் குறைத்து பீட்டாவைக் கூட்டிப் பழக்கினால் கவனம் வரும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தீட்டா-பீட்டா விகிதம் ஏடிஎச்டி உள்ள எல்லாப் பிள்ளைக்கும் கூடுதலாக இருப்பதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இதை வைத்து மட்டும் ஏடிஎச்டி உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

இன்னொரு சங்கதி என் தொழில் சம்பந்தப்பட்டது. பீட்டா இருக்கும் அதே அலைவரிசையில்தான் தசைகளின் மின்னோட்டமும் வந்து கொட்டும். பிள்ளை பல்லைக் கடித்தால், நெற்றியைச் சுருக்கினால், மூளை அலையைப் போலப் பல மடங்கு பெரிய சமிக்ஞை வரும். மென்பொருள் அதைச் சரியாக வடிகட்டவில்லை என்றால் கணினி அதை "பீட்டா ஏறிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு காரை ஓட்டும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், இதை இரண்டாம் மூன்றாம் அமர்விலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தாடை இறுகி, புருவம் நெரிய உட்கார்ந்திருப்பான்; திரையில் புள்ளி ஏறிக்கொண்டே போகும்; வெளியே கண்ணாடி வழியாகப் பார்க்கும் அம்மாவுக்கு, பிள்ளை என்னமாய்க் கவனிக்கிறான் என்று பெருமையாக இருக்கும். பழகியதென்னவோ தாடைதான். நெற்றியில் மட்டும் உணரி உள்ள தலைப்பட்டைகளில் இந்தத் தொல்லை கூடுதல். நெற்றித்தசையும் கண் சிமிட்டலும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆகவே நிலையத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "பிள்ளை இப்போது பல்லைக் கடித்தால் திரையில் என்ன ஆகும்? செய்து காட்டுங்கள்." பரிசு உடனே நின்றால் நல்ல அமைப்பு. கார் பறந்தால் கிளம்பிவிடுங்கள்.

இனி ஆதாரம். 2000-களின் கடைசியில் வந்த ஆய்வுத் தொகுப்புகள் கவனக்குறைவுக்கு நல்ல பலன் என்றே சொல்லின. அவற்றில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. பிள்ளை எவ்வளவு தேறினான் என்று மதிப்பெண் போட்டவர்கள் பெரும்பாலும் பெற்றோர். வாரம் இரண்டு மூன்று நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர்கள், எந்தச் சிகிச்சை நடக்கிறது என்று அறிந்தவர்கள். யாருக்கு எது கிடைத்தது என்று தெரியாதவர்கள் மதிப்பெண் போட்ட இடங்களில் அந்தப் பலன் சுருங்கிப்போனது.

இதைத் தீர்த்துவைக்க அமெரிக்காவில் இரண்டு இடங்களில் ஒரு கடுமையான சோதனை நடத்தினார்கள். முடிவு 2020-ஐ ஒட்டி வெளிவந்தது. 7 முதல் 10 வயது வரையுள்ள 144 பிள்ளைகள். எல்லாருக்கும் ஏடிஎச்டி, எல்லாருக்கும் தீட்டா-பீட்டா விகிதம் உயர்ந்திருந்தது. அதாவது இந்தப் பயிற்சிக்கென்றே பொறுக்கி எடுத்த பிள்ளைகள். ஒரு பிரிவுக்கு அசல் பயிற்சி. மற்றதற்கும் அதே நாற்காலி, அதே விளையாட்டு, அதே ஆசிரியை. ஆனால் திரையை ஓட்டியது வேறொரு பிள்ளையின் பதிவுசெய்த அலை. 38 அமர்வு வரை. பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் நன்றாகவே தேறியிருந்தார்கள், ஏறக்குறைய ஒரே அளவுக்கு. 13-ஆவது மாதத்தில் மறுபடி பார்த்தபோதும் கவனத்தில் வித்தியாசம் இல்லை; அசல் பயிற்சி எடுத்தவர்களுக்கு மருந்துத் தேவை மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்தது. பிறகு 38 சோதனைகளை, 2,472 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பும் அதே பக்கம்தான் சாய்ந்தது.

அப்படியானால் அந்தப் பிள்ளைகள் எதனால் தேறினார்கள்? என் கணிப்பைச் சொல்கிறேன். வாரத்துக்குச் சில தடவை ஒரு பெரியவர் முழுக் கவனத்தோடு பக்கத்தில் உட்கார்கிறார். அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் பாராட்டு. வீட்டில் எல்லாரும் பிள்ளை தேறுவான் என்று எதிர்பார்க்கிறார்கள். மாதக்கணக்கில் பிள்ளையும் வளர்கிறான். இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் இவற்றுக்குக் கம்பியும் பசையும் தேவையில்லை.

நம் ஊர்க் கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நிலையங்கள் "சிங்கப்பூரிலேயே ஆய்வு நடந்திருக்கிறது" என்பார்கள். நடந்திருக்கிறது, நல்ல ஆய்வுதான். மனநலக் கழகம், டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளி, ஏ-ஸ்டாரின் இன்ஃபோகாம் ஆய்வுக் கழகம் மூன்றும் சேர்ந்து கோகோலேண்ட் என்ற விளையாட்டை உருவாக்கின. தலைப்பட்டை பிள்ளையின் அலையைப் படிக்கும். கவனம் கூடினால் திரையில் உள்ள பாத்திரம் வேகமாக ஓடும். இதில் எல்லாருக்கும் ஒரே தீட்டா-பீட்டா கணக்கு வைக்கவில்லை. நிறங்களை வைத்து நடத்தும் ஒரு சிறு சோதனையில், கவனிக்கும்போதும் கவனிக்காதபோதும் அந்தந்தப் பிள்ளையின் அலை எப்படி இருக்கிறது என்று கணினி முதலில் கற்றுக்கொள்ளும். 2012-ல் 20 பிள்ளைகளோடு சிறிய முன்னோட்டம். 2019-ல் 6 முதல் 12 வயது வரையுள்ள 172 பிள்ளைகளோடு பெரிய சோதனை, எட்டு வாரத்தில் 24 அமர்வு. மருத்துவர் போட்ட கவனக்குறைவு மதிப்பெண், பயிற்சி எடுத்தவர்களுக்கு 3.5 புள்ளி இறங்கியது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கு 1.9. வித்தியாசம் உண்மைதான், சிறியதும்தான். முக்கியமாக, ஒப்பிட்டது காத்திருந்த பிள்ளைகளோடு, போலிப் பயிற்சியோடு இல்லை. மேலே சொன்ன அமெரிக்கச் சோதனை எழுப்பிய கேள்விக்கு இது பதில் தராது.

மாத்திரையோடு ஒப்பிட்டால்? மெத்தில்ஃபெனிடேட் வேலை செய்கிறதா என்று சில நாள்களில் தெரிந்துவிடும், மாதங்கள் ஆகாது. நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளிலும் மாத்திரைதான் முன்னால் நிற்கிறது. பசி குறையும், சில பிள்ளைகளுக்குத் தூக்கம் பின்னால் தள்ளும்; எடையையும் உயரத்தையும் மருத்துவர் பார்த்துக்கொண்டே வருவார், அளவை மாற்றுவார், நிறுத்தவும் செய்வார். மாமியாரின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. அவரை அடுத்த சந்திப்புக்கு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய் அவர் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள். நான் வேண்டாம் என்று சொல்வது ஒன்றைத்தான்: நியூரோஃபீட்பேக்கை நம்பி மாத்திரையையும் பள்ளி உதவியையும் ஓராண்டு தள்ளிப்போடுவது. பயிற்சியால் உடலுக்குப் பெரிய கெடுதி இல்லை, சிலருக்குத் தலைவலி, அசதி, அவ்வளவுதான். தொலைந்துபோகிற நாள்தான் பெரிய நஷ்டம்.

இன்னொன்று, அந்த வண்ண மூளைப் படம். ஆரம்பத்தில் 19 இடங்களில் அளந்து, "சராசரிப் பிள்ளையோடு" ஒப்பிட்டு, சிவப்பும் நீலமுமாக அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். 19 இடம், ஐந்து அலைவரிசை என்றாலே 95 எண்கள். நூற்றில் ஐந்து பேருக்கு மட்டும் வரும் அளவை எல்லையாக வைத்தால், ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்கும் சராசரியாக நாலைந்து இடம் சிவக்கும். அன்றைக்குத் தூங்கி வழிந்தபடி வந்திருந்தால் இன்னும் கூடும். அந்தச் சிவப்பைப் பார்த்துக் கலங்கிக் கையெழுத்துப் போடாதீர்கள். அதேபோல "அமெரிக்க எஃப்டிஏ பதிவு" (மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பின் பதிவு) என்று சொன்னால், எதற்காகப் பதிவு என்று கேளுங்கள். இந்த வகைக் கருவிகளில் பல, உடலையும் மனத்தையும் தளர்த்தும் பயிற்சிக்காகப் பதிவானவை. அது ஏடிஎச்டியைக் குணமாக்கும் என்ற ஒப்புதல் இல்லை.

மற்ற நோய்களுக்கு எப்படி என்றால், வலிப்பு நோயில் நம்பிக்கை தரும் பழைய தரவு உண்டு. மருந்துக்கு அடங்காத நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்து 2009-ல் பார்த்தபோது, 87 பேரில் 64 பேருக்கு வலிப்பு குறைந்திருந்தது. ஆனால் அவை சின்னச் சின்ன ஆய்வுகள். மருந்தை விட்டுவிட்டு இதற்குப் போவது ஆபத்து. கடும் அதிர்ச்சிக்குப் பின் வரும் பிடிஎஸ்டிக்கு 2016-ல் 52 பேரோடு நடந்த சோதனை நன்றாக வந்தது. அங்கேயும் ஒப்பிட்டது காத்திருப்புப் பட்டியலோடுதான். 2023-ல் பிடிஎஸ்டிக்குத் துணைச் சிகிச்சையாக ஒரு நியூரோஃபீட்பேக் கருவிக்கு எஃப்டிஏ வழிவிட்டது. நான் ஆர்வத்தோடு கவனிக்கும் பக்கம் அதுதான். பதற்றம், ஆட்டிசம், ஒற்றைத் தலைவலி என்று துண்டுப்பிரசுரத்தில் நீளும் பட்டியலுக்கு இந்த அளவுகூட ஆதாரம் கிடையாது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் மதிப்பெண் ஏறும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

காசு விஷயம். ஓர் அமர்வு 150 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 40 அமர்வுக்கு 6,000 வெள்ளி. கையில் மிச்சமிருக்கிறது, மற்ற உதவிகளை நிறுத்தப்போவதில்லை, பிள்ளைக்கும் பிடித்திருக்கிறது என்றால் முயன்று பார்ப்பதை நான் தடுக்கமாட்டேன். மொத்தமாகக் கட்டாதீர்கள், பத்துப் பத்தாகக் கட்ட ஒப்புக்கொள்ளும் இடமாகப் பாருங்கள். பயிற்சி கொடுப்பவர் உளவியலாளரா, சிங்கப்பூர் உளவியல் சங்கத்தின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று கேளுங்கள். பலனை அவர்கள் திரையில் ஏறும் புள்ளியை வைத்து அளக்கவேண்டாம். வகுப்பாசிரியரிடம் ஏடிஎச்டி மதிப்பீட்டுப் படிவத்தைப் பயிற்சிக்கு முன்னும் பத்து அமர்வுக்குப் பின்னும் நிரப்பித்தரச் சொல்லுங்கள். பிள்ளை எங்கே போகிறான் என்பதை ஆசிரியரிடம் சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுப்பாடத்தை எத்தனை தடவை சொன்னால் எடுக்கிறான் என்று நீங்களும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். இருபது அமர்வுக்குள் இந்த இரண்டிலும் அசைவில்லை என்றால் மீதியைத் தொடரக் காரணம் இல்லை.

இதைவிட முந்திக்கொள்ளவேண்டிய வேலை பள்ளியில் இருக்கிறது. பள்ளி ஆலோசகரிடம் பேசுங்கள். அவர் வழியாக பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்துக்கு உதவும், மனநலக் கழகத்தின் ரீச் குழு வரமுடியும். இதற்கு மனநலக் கழகம் இருக்கும் புவாங்கோக் வரை போய் நிற்கவேண்டும் என்பதில்லை. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைக்கு மருத்துவரின் அறிக்கையோடு பள்ளிதான் விண்ணப்பிக்கும். தொடக்கநிலை ஆறு வரட்டும் என்று காத்திருந்தால் கடைசி நேரத்தில் அல்லாடவேண்டி வரும், இப்போதே கேட்டுவையுங்கள்.

மாமியாரின் தூக்கத்துக்கு இந்தப் பயிற்சி வேண்டாம் என்பேன். 2017-ல் ஆஸ்திரியாவில், யாருக்கு எது என்று தெரியாமல் நடத்திய சோதனையில், தூக்கமின்மைக்கு அசலும் போலியும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் பரிந்துரைப்பது சிபிடி-ஐ என்ற பேச்சுவழிப் பயிற்சி: படுக்கையில் புரண்டு கிடக்கும் நேரத்தைக் குறைப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, பகல் தூக்கத்தை ஒழுங்குபடுத்துவது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்கும்போது அதைக் கேளுங்கள். குறட்டை சத்தமாக வந்து இடையில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதையும் சொல்லுங்கள், அது வேறு நோயாக இருக்கலாம். ராத்திரி தே தாரிக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.